கோடு ஏறாத போன்கள்

நோக்கியா 3310-ஐயும் 3390-ஐயும் அடுத்தடுத்து மேசையில் வைத்தால் எது எதுவென்று சொல்வது கஷ்டம். அதே வளைந்த உடம்பு, அதே பட்டன்கள், அதே பாம்பு விளையாட்டு. நாகர்கோவில் மீனாட்சிபுரத்தில், அண்ணா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவரின் மேசைக்கு, 2000-களின் தொடக்கத்தில் ஒரே வீட்டிலிருந்து இரண்டும் வந்தன. 3310 துபாயில் இருக்கும் மூத்த மகன் கொண்டுவந்தது. 3390 அமெரிக்காவிலிருந்து இளையவன் கொடுத்தனுப்பியது. துபாய் போனில் சிம்மைப் போட்டதும் சிக்னல் கோடுகள் நிறைந்தன. அமெரிக்க போனில் ஒன்றுகூட ஏறவில்லை. இளையவன் அங்கே ஏமாந்துவிட்டான் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார். “துபாய் போனே பேசுது. அமெரிக்கா போனு பேசல்லன்னா அது டூப்ளிகேட்டாக்கும்.”

டூப்ளிகேட் இல்லை, அசல்தான். அமெரிக்காவில் 900 மெகாஹெர்ட்ஸ் பகுதி ஏற்கெனவே வேறு காரியங்களுக்குப் போயிருந்ததால் அங்கே ஜிஎஸ்எம் சேவை 1900-இல் தொடங்கியது. பிறகு 850-உம் சேர்ந்தது. ஐரோப்பாவும் வளைகுடாவும் இந்தியாவும் எடுத்துக்கொண்டவை 900, 1800. நோக்கியா 3390 அமெரிக்காவுக்கென்றே செய்த 1900 போன். நாகர்கோவில் டவர் எவ்வளவு கத்தினாலும் அதன் காதில் விழாது. கடைக்காரர் இதை எடுத்துச் சொன்னபோது பெரியவருக்கு நம்பிக்கை வரவில்லை. வேறொரு கடைக்குப் போனார். அங்கே அன்லாக் பண்ணித் தருவதாகச் சொல்லி ஒரு தொகை வாங்கினார்கள். அன்லாக்கும் ஆயிற்று. கோடு மட்டும் ஏறவில்லை.

இந்தத் தொழிலில் காலம் தள்ளியவர்கள் எல்லாரும் இப்படி ஒரு பெரியவரைப் பார்த்திருப்பார்கள். குமரி மாவட்டத்தில் கொஞ்சம் அதிகமாகவே. குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு, மற்ற ஊர்களிலிருந்து அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும், நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் என்று வீட்டுக்கு ஒருவர் வெளியே இருக்கும் மாவட்டம். திருவனந்தபுரத்தில் விமானத்திலிருந்து இறங்கும் பெட்டிகளில் ஒரு போனாவது இருக்கும். அந்த போன் எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டதோ அந்த நாட்டின் அலைவரிசைகளைத்தான் சுமந்து வரும். ஆகவே யார் போனை நீட்டினாலும் கடைக்காரர் முதலில் கேட்பது என்ன கோளாறு என்பதல்ல, “இது எங்கிருந்து வந்தது?”

அவர் இந்தத் தொழிலுக்கு வந்தது எஸ்டிடி பூத் வழியாக. மஞ்சள் போர்டு தொங்கிய ஒரு பூத்தில் பில் போட்டுக்கொண்டிருந்தவர், மாலை நேரத்தில் ரேடியோ, டிவி ரிப்பேர் பழகினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-இல் கொல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டில்லியிலிருந்த சுக்ராமுடன் பேசியது. அது செய்தித்தாளில் படித்த விஷயமாகத்தான் நாகர்கோவிலில் இருந்தது. வருகிற அழைப்புக்கும் காசு எடுத்த காலம். யாராவது செல்போன் வைத்திருந்தால், மணி அடித்ததும் வெட்டிவிட்டு பூத்துக்குள் வந்து திருப்பிக் கூப்பிடுவார்கள். 2003 மே 1 முதல் கூப்பிடுகிறவர் மட்டுமே காசு கொடுத்தால் போதும் என்றானது. பூத்துக்கு ஆள் வருவது குறையத் தொடங்கிய அந்த வருஷத்திலேயே அவர் சால்டரிங் அயர்னோடு ஒரு மேசையைப் போட்டுக்கொண்டார்.

முதலில் அவர் பார்த்த சிக்கல் வெளிநாட்டு போன்களில் இல்லை, உள்ளூரிலேயே இருந்தது. சென்னை நீங்கலான தமிழ்நாட்டு வட்டத்தில் முதலில் சேவை கொடுத்த பிபிஎல்லும் ஏர்செல்லும் 900-இல் இருந்தன. 2001-இல் நாடு முழுவதும் நான்காவது உரிமங்களை ஏலம் விட்டார்கள். தமிழ்நாட்டில் அதை எடுத்தது ஏர்டெல். அந்த நான்காவது உரிமங்களுக்கு ஒதுக்கியது 1800. அதற்குள் ஊரில் நோக்கியா 5110 நிறைய இறங்கியிருந்தது. துபாய்க்காரர்கள் பழசாகக் கொடுத்துவிட்டுப் போனவை. செங்கல் கனம், மேலே குட்டி ஆன்டெனா, கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 5110 வெறும் 900 போன். அதற்கு அடுத்து வந்த 3210-தான் 900, 1800 இரண்டையும் எடுக்கும். புது சிம் வாங்கி 5110-இல் போட்டவர்கள் சிம் கெட்டுப்போனது என்று சண்டைக்கு வந்தார்கள். கடைக்காரர் அதே சிம்மைத் தன்னுடைய 3310-இல் போட்டுக் காட்டுவார். கோடு ஏறும். திரும்ப 5110-இல் போட்டால் ஏறாது. இந்த ஒரு காட்சியைத் தவிர வேறு எந்த விளக்கமும் அன்றைக்கு எடுபடவில்லை.

1800-க்கு இன்னொரு குணம். 900-ஐப் போல அது தூரம் போகாது, சுவருக்குள் புகாது. நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் தடித்த சுவருக்கு உள்ளே, அடுக்களை வரைக்கும் 900 வரும்; 1800 திண்ணையோடு நின்றுவிடும். டவர் நெருக்கமாகப் போட்ட பிறகே இந்த வித்தியாசம் மறைந்தது.

பிபிஎல் 2006-இல் ஹட்சின் கைக்கு மாறியது, 2007-இல் ஹட்ச் வோடஃபோன் ஆனது, 2018-இல் அதுவே ஐடியாவோடு சேர்ந்து 2020-இல் ‘வி’ ஆனது. கடை வாசல் ஷட்டர் நான்கு நிறம் கண்டது. வாடிக்கையாளரின் நம்பர் மாறவில்லை.

களியக்காவிளை ஆட்களின் தொல்லை தனி ரகம். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது போட்ட கோடுதான் பின்னாளில் தொலைத்தொடர்பு வட்டங்களுக்கும் எல்லையானது. சந்தைக்கு அந்தப் பக்கம் கேரள வட்டம். மனிதன் தமிழ்நாட்டில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பான். போன் பாறசாலைப் பக்கத்து டவரைப் பிடித்து கேரளத்தில் உட்கார்ந்திருக்கும். அப்போது ரோமிங். பேசினாலும் காசு, கேட்டாலும் காசு. நோக்கியா போன்களில் ‘செல் இன்ஃபோ’வைத் திறந்து வைத்தால் எந்த ஊர் டவர் என்று திரையில் பெயர் வரும், எல்லை ஆட்கள் எல்லாருடைய போனிலும் கடைக்காரர் அதை ஆன் பண்ணிக் கொடுப்பார். நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மேனுவலுக்கு மாற்றித் தமிழ்நாட்டுப் பெயரில் நிறுத்திவைப்பார். அதில் ஒரு வில்லங்கம். போன்காரர் பாட்டுக்கு திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் போன் செத்துக் கிடக்கும். மேனுவலை மாற்ற மறந்துவிட்டு, “ரேஞ்சே இல்ல அண்ணாச்சி” என்று பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிடுவார்கள்.

2010-இல் 3ஜி ஏலம் முடிந்தபோது எல்லை இன்னும் விசித்திரமானது. தமிழ்நாட்டில் தனியார் 3ஜி எடுத்தவர்கள் ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல். கேரளத்தில் ஐடியா, டாடா, ஏர்செல். ஒரே ஏர்டெல் சிம் நாகர்கோவிலில் வேகமாக ஓடும். களியக்காவிளை தாண்டிக் கேரள டவரைப் பிடித்தால், அங்கே அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக 3ஜி அலைவரிசையே கிடையாது. போனில் கோளாறு என்று கடைக்கு வந்தவர்களிடம் டில்லியில் நடந்த ஏலத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. 2015 ஜூன் 15 முதல் பிஎஸ்என்எல் ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியது. அடுத்த ஆண்டு ஜியோ வந்த பிறகு உள்நாட்டு ரோமிங் கட்டணமே பேச்சில் இல்லாமல் போயிற்று. மேனுவல் தேர்வுக்கு இப்போது யாரும் வருவதில்லை.

அதே 3ஜி காலத்தில்தான் நோக்கியா 5233 கடை கடையாகக் குவிந்தது. தொடுதிரை, நடுத்தர விலை. கல்லூரிப் பையன்கள் கையில் எல்லாம் அதுதான். அச்சு அசல் அதைப் போலவே 5230 என்று ஒன்று உண்டு. 5230-இல் 3ஜி இருந்தது. 5233-இல் இல்லை, விலையைக் குறைக்க அதை எடுத்துவிட்டிருந்தார்கள். 3ஜி சிம் வாங்கிய பையன்கள் வந்து, “அண்ணே, சாஃப்ட்வேர் ஏத்தி 3ஜி ஆக்கித் தாங்க” என்பார்கள். ஏற்றித் தருவதாகச் சொன்ன கடைகளும் இருந்தன. 5230-இன் மென்பொருளை ஏற்றி, மெனுவில் 3ஜி என்று ஒரு வரியும் வரவைத்தார்கள். அந்த வரியைப் பார்த்தே சிலர் திருப்திப்பட்டுப் போனார்கள் என்பதுதான் வேடிக்கை.

மென்பொருளால் ஆகிற காரியம் எது, ஆகாத காரியம் எது என்பதைப் போனைத் திறந்து பார்த்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் ஒரு பழைய போர்டை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்திருக்கிறார், கேட்கிறவர்களுக்குக் காட்டுவதற்காக. ஆன்டெனா தொடும் பித்தளை முள்ளிலிருந்து தொடங்கினால் முதலில் ஆன்டெனா சுவிட்ச். அதற்குப் பின்னால் இரண்டு மில்லிமீட்டர் அளவில் வரிசையாகச் சதுரச் சில்லுகள், அவை ஃபில்டர்கள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கும். பக்கத்தில் பிஏ ஐசி, டவருக்குத் திருப்பிப் பேசும் சக்தியைக் கொடுப்பது. ஒரே போர்டை நாலு நாட்டுக்கு அடிக்கும் நிறுவனங்கள், எந்த நாட்டுக்கு எந்த அலைவரிசை, அதாவது பேண்ட், வேண்டாமோ அந்த ஃபில்டரை வைக்காமலே விட்டுவிடுகின்றன. சில சீனப் போர்டுகளில் அந்த இடத்தில் ஈயம் பூசிய புள்ளிகள் மட்டும் வெறுமனே இருக்கும். “இந்தக் காலி இடத்துக்கு எந்த சாஃப்ட்வேரும் மணி அடிக்காது” என்பார். ஒரு விலக்கும் உண்டு. ஃபில்டர் உள்ளே இருந்தும், விற்பனைக் காரணத்துக்காக நிறுவனமே மென்பொருளில் மூடிவைத்த பேண்டுகள் சில போன்களில் இருக்கின்றன. அதைத் திறந்துவிட முடியும். கைதேர்ந்தவர்கள் செய்திருக்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் சிரிக்கிறார்.

சிம் பூட்டின் கதை அதற்கு நேர் எதிர். அது முழுக்க மென்பொருள்தான். வெளிநாட்டில் தவணையில் கொடுக்கும் போன்களை அந்த நிறுவன சிம்முக்கு மட்டும் பூட்டி விற்பார்கள். நோக்கியா பூட்டைத் திறக்க யுஎஃப்எஸ், பிறகு ஜாஃப், சாம்சங்குக்கு இசட்3எக்ஸ், சீனப் போன்களுக்கு மிராக்கிள் என்று பாக்ஸ் பாக்ஸாக வாங்கி அடுக்கினார். மீனாட்சிபுரத்திலும் வடசேரியிலும் பாக்ஸ் வைத்திருந்த கடைகளுக்கு அன்று தனி மரியாதை. 2013-இல் சாம்சங் புதிதாக ஒரு பூட்டைக் கொண்டுவந்தது: கேலக்ஸி நோட் 3 பெட்டியின் மேல், ஐரோப்பாவில் வாங்கினால் முதலில் ஐரோப்பிய சிம்மைப் போட வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பகுதி சிம்மைப் போட்டு ஐந்து நிமிடம் பேசினால் பூட்டு தானே விலகும். இங்கிலாந்தில் நர்ஸாக இருந்த ஒரு பெண், சீல் உடைக்காமல் அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்ததுதான் வினை. புதுப் பெட்டியை அப்பா கையால் திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். அன்றிலிருந்து வெளிநாட்டிலிருப்பவர்களுக்குக் கடைக்காரர் சொல்லியனுப்பும் வார்த்தை, “பெட்டியை அங்கேயே உடைச்சு ஒரு போன் பேசிட்டுக் கொண்டுவாங்க.”

சிம்மே போட முடியாத போன்களும் இருந்தன. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குப் போன் கொடுத்தபோது ஆட்டோ ஸ்டாண்டிலும் மீன் சந்தையிலும் செல்போன் மணி அடித்தது; அதற்கு முன் அது வசதிக்காரர்களின் சங்கதி. அவை 800-இல் ஓடிய சிடிஎம்ஏ போன்கள். நிறுவனத்தின் கணினியில் போனின் எண்ணையே பதிந்து வைத்திருப்பார்கள். வேறு நிறுவனத்துக்கு மாற வேண்டுமென்றால் போனையும் விட்டுவிட வேண்டும். 2011-இல் அமெரிக்காவில் வெரைசன் விற்ற ஐபோன் 4-உம் சிடிஎம்ஏ. பக்கவாட்டில் சிம் துளையே கிடையாது. அப்படி ஒன்றை ஆசையாக வாங்கிவந்த ஒருவர் துளையைத் தேடித் தேடி, கடைசியில் மேசை மேல் வைத்துவிட்டு, எங்கே போடுவது என்று கேட்டார். வீட்டு வைஃபையில் பாட்டுக் கேட்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார் கடைக்காரர்.

2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இலும் சிம் துளை இல்லை. பழைய ஞாபகத்தில் பலர் பதறி வந்தார்கள். இதில் கதை வேறு. இ-சிம்மாக மாற்றிக்கொண்டால் ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் ஓடும். ஆனால் போன் கெட்டுப்போன நாளில் சிம்மை உருவி இன்னொன்றில் போட்டுக்கொள்ளும் வசதி போய்விட்டது என்று அவருக்கு ஒரு குறை உண்டு. துபாயில் வாங்கிய ஐபோன்களில் ஃபேஸ்டைம் இருக்காது என்பதும் பல வீடுகளில் பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. அது பேண்டும் இல்லை, பூட்டும் இல்லை, அந்த நாட்டுச் சட்டம்.

இந்தியாவிலும் 2009 நவம்பர் 30 நள்ளிரவோடு, போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ சரியாக இல்லாத போன்களுக்கு அழைப்பு நிறுத்தப்பட்டது. ஸ்பீக்கர் அலறும் சீனப் போன்கள் ஒரே இரவில் ஊமையாயின. மறுநாள் கடை முன் நின்ற கூட்டம், *#06# அடித்தால் பதினைந்து எண்ணும் பூஜ்ஜியமாக வரும் போன்களோடு நின்றது.

கடற்கரைக்காரர்கள் கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவர்கள். அங்கே எந்த செல்போனும் எடுக்காது. கரைக்கடலில் மீன் பிடிப்பவர்களுக்குத்தான் எந்த சிம், எந்த போன் என்பது காசுப் பிரச்சினை. வள்ளம் திரும்பும்போதே ஏலக்காரரைக் கூப்பிட்டு விலை கேட்பார்கள். கரையிலிருந்து எவ்வளவு தள்ளி முதல் கோடு ஏறுகிறது என்பதை வைத்தே அவர்கள் நிறுவனங்களுக்கு மார்க் போட்டார்கள். குறுக்கே மரமும் கட்டடமும் இல்லாத கடலில் 900 வெகுதூரம் போகும். ஆனாலும் சாதாரண ஜிஎஸ்எம் டவருக்கு 35 கிலோமீட்டர் என்று ஒரு எல்லை அதன் அமைப்பிலேயே உண்டு. போனிலிருந்து கிளம்பும் அலை டவருக்கு வந்து சேர ஆகும் நேரத்தை ஒரு அளவுக்கு மேல் அதனால் ஈடுகட்ட முடியாது. அதைத் தாண்டினால் திரையில் கோடு தெரியலாம், அழைப்பு போகாது. கோடு இருந்தும் பேச முடியவில்லை என்று வந்த ஒரு வள்ளக்காரருக்கு இதைச் சொன்னபோது அவர் தலையாட்டினார். எந்த இடத்தில் அறுபடுகிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

4ஜி போன் வாங்கியவர்கள் வந்து, பட்டன் போனுக்குக் கிடைத்த ரேஞ்ச் இதற்குக் கிடைக்கவில்லையே என்று கேட்டதற்குக் காரணம் அலைவரிசைதான். விலை கூடியது, அலைவரிசையும் கூடியது, எட்டும் தூரம் குறைந்தது. ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லாமல் டவர்கள் அணைந்தபோது, எந்த பேண்டும் யாருக்கும் உதவவில்லை. ஜெனரேட்டர் ஓட்டி, வந்தவர்களின் போன்களுக்கெல்லாம் சார்ஜ் போட்டுக் கொடுத்ததுதான் அந்த வாரக் கடை வியாபாரம்.

ஜியோ வந்த 2016 செப்டம்பர் 5-ஐக் கடைக்காரர் வேறு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறார். போன் சரியில்லை என்று அத்தனை பேர் ஒரே மாதத்தில் சொல்லி அவர் கேட்டதில்லை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது, 3ஜி கிடையாது. 850, 1800, 2300 ஆகிய மூன்றில் 4ஜி மட்டும். தொழில் கணக்கில் பேண்ட் 5, பேண்ட் 3, பேண்ட் 40. பேச வேண்டுமென்றால் 4ஜியிலேயே பேச்சைக் கடத்தும் வோல்ட்டி வேண்டும், இல்லாவிட்டால் அதற்கென்று ஒரு ஆப். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விலை கூடிய போன்கள் திடீரென்று ஓரங்கட்டப்பட்டன. ஐபோன் 5எஸ் வைத்திருந்தவர்களுக்கு வோல்ட்டி இல்லை. ஐபோன் 6-இல் வோல்ட்டி உண்டு. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த ஏ1549 மாடலில் பேண்ட் 40 இல்லை, ஏ1586-இல் உண்டு. போனின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அச்சிட்ட அந்த எண்ணைப் படிக்க அவர் ஒரு லென்ஸ் வைத்திருந்தார். இரண்டு சிம் போன்களிலும் பாதிக்கு இரண்டாவது துளை 2ஜி மட்டுமே. புது சிம்மை இரண்டாவதில் போட்டுவிட்டு, இலவச சிம் என்பதால் வேலை செய்யவில்லை என்று சொன்னவர்கள் ஏராளம். முதல் துளைக்கு மாற்றிக் கொடுத்தால் போதும். அதற்குக் காசு வாங்கியதில்லை.

பேண்ட் 5 இல்லாத போன்களின் குறை மட்டும் உடனே வெளியே தெரியாது. தெருவில் நன்றாக ஓடும். வீட்டுக்குள் போனதும் 2300 கரைந்துவிடும், 850-ஐப் பிடிக்க வழி இருக்காது. தடித்த சுவர் வீடுகளில் பையன்கள் மாடிப்படியில் உட்கார்ந்து படம் பார்ப்பது அப்போது சாதாரணக் காட்சி. சீனாவிலிருந்து நேரடியாக வரவழைத்த மலிவுப் போன்களில் இது அதிகம்.  பெட்டியில் 4ஜி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த 4ஜி என்று இருக்காது.

2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தது. தமிழ்நாட்டில் ஆதி முதல் இருந்த நிறுவனம். பாதி ஊரின் நம்பர் அதில் இருந்தது. வங்கிக் கணக்கு, கேஸ் சிலிண்டர், ஆதார் எல்லாம் அந்த நம்பரோடு கட்டியிருந்தது. 1900-க்கு மெசேஜ் அனுப்பி போர்ட் எண் வாங்க வேண்டும். அனுப்புவதற்கு டவர் இல்லை. ஒரு கோடு கிடைக்கிற இடம் என்று கேள்விப்பட்டால் அங்கே கூட்டம் கூடியது. அந்த வாரம் கடைக்காரர் போர்ட் பண்ண வந்த ஒவ்வொருவரிடமும் முதலில் அவருடைய போனை வாங்கிப் பார்த்தார். நோக்கியா பட்டன் போனோடு வந்த பாட்டிகளை, பேரன் சொன்னான் என்பதற்காக ஜியோவுக்கு மாற்றிவிட்டால் அந்த போன் மறுநாள் பொம்மைதான். அவர்களை 2ஜி வைத்திருந்த நிறுவனங்களின் பக்கம் திருப்பினார். கமிஷன் எதில் அதிகம் என்று பார்த்து மாற்றிவிட்டவர்களும் இருந்தார்கள். அடுத்த வாரம் அந்தப் பாட்டிகளும் இவர் கடைக்கே வந்தார்கள்.

இப்போது போக்கு திரும்பியிருக்கிறது. வருகிற போன்களைவிடப் போகிற போன்கள்தான் வேலை வைக்கின்றன. 2017 ஏப்ரலில் சிங்கப்பூர் 2ஜியை மூடியது. அங்கே வேலைக்குக் கிளம்பியவர்கள் இங்கிருந்து பட்டன் போனைக் கொண்டுபோய் விமான நிலையத்திலேயே திகைத்தார்கள். பேறுகாலத்துக்கு மகளோடு தங்க அமெரிக்கா போகும் பெற்றோர் இங்கே வாங்கிய ரெட்மியையும் ரியல்மியையும் கையில் கொண்டுபோகிறார்கள். அங்கே தூரம் போகும் அலைகள் பேண்ட் 12, 13, 71. இங்கே விற்கும் மலிவுப் போன்களில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. 2022 பிப்ரவரியில் 3ஜியை மூடிய ஏடி அண்ட் டி, தன் பட்டியலில் இல்லாத போனைச் சேர்ப்பதும் இல்லை. இது தெரிந்த பிள்ளைகள் அங்கேயே ஒரு போன் வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த போன் நாகர்கோவிலுக்கு வருகிறது, மறுபடியும் கடைக்காரர் மாடல் எண்ணைப் பார்க்கிறார்.

5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியபோது, அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பே 5ஜி என்று விலை கொடுத்து வாங்கியவர்கள் ஆவலோடு இருந்தார்கள். சில போன்களில் என்78 என்ற ஒரே வரிசைதான் உருப்படியாக இருந்தது. ஜியோ வாங்கியிருந்த 700, அதாவது என்28, இல்லை. ஐபோன்காரர்கள் டிசம்பரில் அப்டேட் வரும் வரை காத்திருந்தார்கள். என்28 இருந்தால் 4ஜிக்கான பேண்ட் 28-உம் இருக்கும் என்று நினைப்பதும் தப்பு. விவரப் பட்டியலில் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இதைப் பல விற்பனைப் பையன்களே பார்ப்பதில்லை.

அந்தப் பேண்ட் 28 இப்போது இங்கே முக்கியம். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியதும் நிறையப் பேர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினார்கள். அதன் 4ஜி 700-இலும் 2100-இலும் வருகிறது. பழைய 4ஜி போன்களில் பலவற்றில் 700 இல்லை. பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாறு பக்கம் இருப்பவர்கள் வந்து நல்ல பட்டன் போனாக ஒன்று கேட்டால் கடைக்காரர் யோசிக்கிறார். 4ஜி பட்டன் போன்களில் பேண்ட் 3, 5, 40 மூன்றும் இருக்கும். 28 இருக்கிறதா என்பது பெட்டியைப் பார்த்தால் தெரியாது. 2ஜியை இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்றும் கேட்கிறார்கள். செல்போன் வந்து 25 ஆண்டு நிறைந்த 2020-இலேயே அதை மூட வேண்டும் என்று முகேஷ் அம்பானி பேசினார்; ஏர்டெல்லும் வி-யும் பிஎஸ்என்எல்லும் இன்றும் வைத்திருக்கின்றன. மலைக்காரர்களிடம் மட்டும் அவர் உடனே பில் போடுவதில்லை. போனைக் கையில் கொடுத்து, “மேலே கொண்டுபோய் உங்க சிம்மைப் போட்டுப் பாருங்க. கிடைச்சா சந்தைக்கு வரும்போது காசு தாங்க, கிடைக்கல்லன்னா போனைத் தாங்க” என்று அனுப்புகிறார். சார்ஜரை மட்டும் கடையிலேயே வைத்துக்கொள்கிறார்.